சிப்காட் கேட்டிலிருந்து கோட்டை வரை

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். சாலை நடுத் தடுப்பையொட்டி மாடுகள் படுத்து அசைபோடும். டீக்கடை வாசலில் நாய்கள் பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும். கோழிக்கடை முன் வந்து நிற்கும் வண்டியில் இறக்கை விரிக்கவும் இடமின்றிக் கோழிகள் அடைந்து கிடக்கும். இந்த ஒரு கூட்டுரோட்டில் இருக்கும் பிராணிகளுக்கு ஊராட்சி, சிப்காட், நெடுஞ்சாலைத் துறை, போலீஸ், கால்நடை பராமரிப்புத் துறை, மாவட்ட ஆட்சியர், சட்டமன்றம், நாடாளுமன்றம் என அத்தனை பேருமே ஏதோ ஒரு வகையில் பொறுப்பு. இத்தனை பேர் இருப்பதாலேயே மனு கொடுப்பவர் மேசை மேசையாக அலைகிறார்.

அடிபட்ட பிராணியைத் தூக்குவது, 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைப்பது, தெருநாய்க்கு எங்கே எப்படிச் சோறு வைப்பது என்பதெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டன. இனி அரசிடமும் சட்டத்திடமும் போகும் வழியைப் பார்ப்போம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் பிராணிகளுக்காகப் பேசுகிறவர்கள் டெல்லியை நோக்கிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, கோட்டையை நோக்கிப் பேச வேண்டும். நாம் நினைப்பதைவிட அதிக அதிகாரம் மாநிலத்தின் கையில் இருக்கிறது.

மாநிலத்தின் கையில் இருப்பது

அடிப்படைச் சட்டம் மத்தியச் சட்டம்தான். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், மிருகவதைக்கு எதிராக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதி 1960 டிசம்பரில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமாக வந்தது. நிறைவேறாத ஒரு மசோதா அரசை நகர்த்தியதற்கு நம் ஊரிலேயே இருக்கும் உதாரணம் இது. எம்.எல்.ஏ.விடம் தனிநபர் மசோதா கேட்கப் போகும்போது “அதெல்லாம் நிறைவேறாதுங்க” என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர். அதன் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில் இருந்தது. 2018இல் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் ஏறிப்போய் நேரில் கேட்டுவரும் வாய்ப்பு அதோடு போயிற்று. மாநில அளவில் 2019இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விலங்குகள் நல வாரியம் இருக்கிறது. அதை உயிரோட்டமாக வைத்திருக்கச் செய்வது நம் வேலைகளில் ஒன்று.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பிராணிவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் 17ஆவது இனமாக இருக்கிறது. அதாவது மத்திய அரசும் மாநிலமும் இதில் சட்டம் இயற்றலாம். கால்நடைப் பாதுகாப்பு, கால்நடை நோய்த் தடுப்பு, கால்நடை மருத்துவம் ஆகியவை மாநிலப் பட்டியலிலேயே 15ஆவது இனம். மாநிலத் திருத்தம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் 254ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைத்துவிட்டால் அந்த மாநிலத்தில் திருத்தமே செல்லும்.

இந்தப் பாதையில் தமிழ்நாடு நடந்து காட்டிய வேகத்தை நாமெல்லாரும் பார்த்தோம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். ஜனவரி 21இல் அவசரச் சட்டம் வந்தது, 23இல் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது, 31இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திருத்தப்பட்டது ருக்மிணி தேவியின் முயற்சியில் பிறந்த அதே 1960ஆம் ஆண்டுச் சட்டம். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டை நீங்கள் ஆதரித்தவராக இருக்கலாம், எதிர்த்தவராக இருக்கலாம். இரு தரப்புக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது: மாநிலம் மனம் வைத்தால் இந்தச் சட்டத்தைப் பத்து நாளில் திருத்த முடியும்.

அப்படியானால் 50 ரூபாய் அபராதத்தை ஏன் திருத்தவில்லை? அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அடிப்பது, உதைப்பது, பட்டினி போடுவது, வேதனை தரும்படி வண்டியில் ஏற்றுவது, வளர்த்துவிட்டுக் கைவிடுவது எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. முதல் தடவை செய்தவருக்கு அது விதிக்கும் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் 50 ரூபாய். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இன் 50 ரூபாய்க்கு அன்று மதிப்பு இருந்தது. இன்று ஒரகடத்தில் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கே அது போதாது. அபராதத்தை உயர்த்தும் திருத்த வரைவு ஒன்றை மத்திய அரசு 2022 நவம்பரில் கருத்துக் கேட்க வெளியிட்டது. அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் தமிழ்நாட்டுக்கு இல்லை. 2017இல் திறந்த கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. இந்த வட்டாரத்திலிருந்து கோட்டைக்குப் போகும் எந்த மனுவிலும் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்.

புகார்: மூன்று மாதக் கெடு

சட்டத்தை மாற்றச் சொல்வதற்கு முன், இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். “வழக்கே வருவதில்லையே, எதற்குத் திருத்தம்?” என்று ஓர் அதிகாரி கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு புகாரும் அந்தப் பதிலின் ஒரு பகுதி.

பலருக்குத் தெரியாதது 36ஆவது பிரிவு. குற்றம் நடந்து மூன்று மாதம் கடந்துவிட்டால் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர முடியாது. வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றி, வாக்குவாதம் நடந்து, ஆறினபின் ஸ்டேஷனுக்குப் போனால் கெடு முடிந்திருக்கும். பார்த்த அன்றே எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது 31ஆவது பிரிவு. 11ஆவது பிரிவில் வரும் பெரும்பாலான குற்றங்களில் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரணை தொடங்க முடியாது. கொடூரமாகக் கொல்வது அல்லது உறுப்பைச் சிதைப்பது, பிராணிகளைச் சண்டைக்கு விடும் இடம் நடத்துவது, கறவை மாட்டுக்குப் பால் சுரக்கத் தீங்கான ஊசி போடுவது போன்ற சிலவற்றில் மட்டுமே போலீஸ் தானாக வழக்குப் பதியலாம். ஸ்டேஷனில் “இது எங்க கையில் இல்லை சார்” என்று சொல்வது எப்போதும் தட்டிக்கழிப்பது அல்ல; சில சமயம் அது சட்டநிலை. ஆனால் பிராணி கொல்லப்பட்டிருந்தாலோ ஊனமாக்கப்பட்டிருந்தாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு இருக்கிறது. ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுள்ள பிரிவு அது, போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 428, 429. புகாரில் பிரிவு எண்ணை நீங்களே எழுதிவிடுங்கள்.

ஹாஸ்டல் வாசலில் கிடந்த நாய்கள் விஷம் வைத்துச் சாகடிக்கப்பட்டால் முதல் உணர்ச்சி அவற்றைப் புதைத்துவிடுவது. தயவுசெய்து புதைக்காதீர்கள். உடல் போனால் வழக்கும் போயிற்று. இடத்தையும் உடலையும் அருகில் கிடக்கும் உணவையும் படமெடுங்கள், அந்த உணவைக் கையால் தொடாதீர்கள். பிறகு ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுத்து, பிரேதப் பரிசோதனைக்காக அரசு கால்நடை மருத்துவருக்குக் கடிதம் தரச் சொல்லுங்கள். போலீஸ் கடிதத்தோடு போனால்தான் கால்நடை உதவி மருத்துவர் தரும் அறிக்கை நீதிமன்றத்தில் நிற்கும். உள்ளுறுப்பு மாதிரிகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அதே புகாரில் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போடவில்லையென்றால் குறைந்தது புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அதே புகாரை அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்யலாம். எல்லைக் குழப்பம் இங்கே அதிகம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷன்கள் காஞ்சிபுரம் மாவட்டக் காவலில் இருக்க, கிழக்கே மணிமங்கலம் தாம்பரம் ஆணையரகத்தில் இருக்கிறது. தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றத்தை எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் முதலில் பதியலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் தம்பி தங்கைகள் “நாங்க வெளியூர், எங்க புகாரை எடுப்பாங்களா?” என்று கேட்பதுண்டு. புகார் கொடுக்க வாக்காளர் அட்டை தேவையில்லை. தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் கூடப் போய் எழுதிக் கொடுத்தால் போதும்.

நாய்கள்: யாருடைய பொறுப்பு

மதராஸில் நாய்களைப் பிடித்துக் கொல்வது நூறாண்டுக்கு மேல் நடந்தது, எண்ணிக்கை குறையவில்லை. 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதல் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விடும் முறையை முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1990கள் வரை ஆயிற்று. 2001இல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. இப்போது நடப்பில் இருப்பவை 2023 மார்ச்சில் வந்த பிராணிகள் கருத்தடை விதிகள். ஒரு நகரத்துச் சிறு குழு முப்பது ஆண்டு விடாமல் செய்த வேலை தேசத்தின் விதியானது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

விதிகளின்படி கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பு. இங்கேதான் நம் வட்டாரத்தின் சிக்கல் தொடங்குகிறது. ஒரகடம் ஓர் ஊராட்சி. அதன் வரம்பிலேயே சிப்காட்டின் சாலைகளும் விளக்குகளும் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பது சிப்காட். ஊராட்சியில் கேட்டால் “அது சிப்காட் ஏரியா” என்பார்கள். சிப்காட் திட்ட அலுவலரிடம் போனால் “நாய் ஊராட்சி விஷயம்” என்பார். இதற்கு நான் தரும் யோசனை: 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆவது பிரிவைப் படித்துக்கொண்டு போங்கள். ‘உள்ளாட்சி’ என்பதற்கு அது தரும் விளக்கம் நகராட்சி, மாவட்ட வாரியம் ஆகியவற்றோடு நிற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட பகுதியின் நிர்வாகம் சட்டப்படி எந்த அதிகார அமைப்பிடம் இருக்கிறதோ அதையும் சேர்த்துக்கொள்கிறது. சிப்காட்டும் இதற்குள் வரும் என்பது என் வாதம். ஆட்சியரிடம் தரும் மனுவில் ஊராட்சி ஒன்றியத்தையும் சிப்காட்டையும் ஒன்றாக உட்கார வைத்துக் கூட்டம் நடத்தச் சொல்லுங்கள். தனித்தனியாக எழுதிய கடிதங்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு சிறு ஊராட்சியால் அறுவை அரங்கு, கூண்டுகள், நாய் வண்டி, மருத்துவர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்ய முடியாது. அப்படி எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. பக்கத்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு மையம் வைக்கலாம். பணத்துக்கு இந்த வட்டாரம் போல வசதியான இடம் தமிழகத்தில் குறைவு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவின் கீழ் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ‘விலங்குகள் நலம்’ என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. காரும் லாரியும் புல்லட்டும் டயரும் செல்போனும் செய்யும் ஆலைகள் நிறைந்த இடத்தில் ஒரு கருத்தடை மையத்துக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ஒன்றைக் கவனியுங்கள். சொந்த ஊழியருக்கு மட்டும் பயன்படும் வேலை சமூகப் பொறுப்புக் கணக்கில் வராது. ஆகவே “உங்கள் வளாகத்து நாய்களுக்கு” என்று கேட்காமல், சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கான மையம் என்று கேளுங்கள். அந்த மையத்துக்கு விலங்குகள் நல வாரியத்தின் திட்ட அங்கீகாரம் கட்டாயம். அது இல்லாத ஒப்பந்ததாரரை ஹெச்.ஆர். அழைத்துவந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

நாய்களை இரவோடிரவாக வண்டியில் ஏற்றி ஏதோ ஓர் ஏரிக்கரையில் இறக்கிவிடும் வழக்கம் இந்தப் பகுதியில் உண்டு. அது விதிமீறல். பயனும் இல்லை. கேன்டீன் மிச்சம் திறந்தவெளியில் கொட்டப்படும் வரை காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வரும், அவற்றுக்குத் தடுப்பூசியும் இருக்காது. நாய்த் தொல்லை என்று வரும் புகாரில் பாதி உண்மையில் கழிவுப் புகார். கேன்டீன் ஒப்பந்தத்தில் கழிவைக் கையாளும் ஷரத்து இருக்கிறதா என்று தொழிற்சங்கமோ வொர்க்ஸ் கமிட்டியோ கேட்கட்டும்.

உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று பிறப்பித்த உத்தரவையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அதே இடத்தில் திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றது அது. மற்ற தெருக்களுக்கு 2023 விதி சொல்லும் ‘அதே இடத்தில் விடுதல்’ முறைதான். கம்பெனி பஸ் நிற்கும் சாலையோரம் எந்த வகை என்று சண்டை வரும். மனு எழுதும் நாளில் வழக்கின் கடைசி உத்தரவைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

நாய்க்காகப் பேசுகிறவர் கடிபட்டவருக்காகவும் பேச வேண்டும். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து இருட்டில் அறைக்கு நடந்து போகும் பெண்ணின் பயம் உண்மையானது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28ஆம் நாள்களில் இலவசமாக ஊசி போடுவார்கள், ரத்தம் வந்த கடிக்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. இதை ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள். அந்த ஊசிக்குப் போக அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு கேட்பதும் பிராணி நலக் கோரிக்கையே. கடிபட்டவருக்கு நிம்மதி இருந்தால்தான் நாய்க்கு விஷம் வைக்கும் கோபம் தணியும்.

மாடுகள்: மேய்ச்சல் போன இடம்

சாலையில் மாடு படுத்திருப்பதைப் பார்த்ததும் மாட்டுக்காரரைத் திட்டுவது எளிது. வல்லம், வடகால், மாத்தூர் பக்கத்து வீடுகளில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் அம்மாக்களிடம் கேளுங்கள், முன்பு மாடு எங்கே மேய்ந்தது என்று. வயலும் தரிசும் மேய்க்காலும் ஆலை வளாகங்களாயின. மாடு பழைய வழியிலேயே போகிறது. வழி நடுவில் ஆறுவழிச் சாலை வந்துவிட்டது.

ஆகவே இங்கே அபராதம் மட்டும் கேட்டு மனுப் போடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, மேய்க்கால் புறம்போக்கு என்று இன்னும் எந்தெந்தப் புல எண்கள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊர்ப் பயன்பாட்டுக்கு மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28இல் சொன்னது. அந்தத் தீர்ப்பையும் புல எண்களையும் இணைத்துக் கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். மேலே சொன்ன 2025 நவம்பர் உத்தரவு நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளை அகற்றிக் காப்பிடங்களில் பராமரிக்கவும் சொல்கிறது. காப்பிடம் எங்கே, தீவனச் செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளையும் ஆட்சியரிடம் இப்போதே எழுத்தில் கேட்கலாம். அதுவரை கழுத்தில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இளைஞர்கள் செய்துவிடக்கூடிய வேலை. இரவில் பைக்கில் வரும் தொழிலாளிக்கும் அது உயிர்காப்பு.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும் மாட்டு லாரிகள் தனி விஷயம். இதில் நான் கண்டிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மாட்டு வியாபாரம் குற்றமல்ல. மாட்டுக்கறி சாப்பிடுவது குற்றமல்ல. லாரியை மறிப்பது, ஓட்டுநரின் பெயரையும் மதத்தையும் கேட்பது, கை நீட்டுவது எல்லாம்தான் குற்றம். அப்படிச் செய்கிறவர்களோடு சேர்ந்து நிற்காதீர்கள். நம் கேள்வி அந்த மாடுகள் எப்படி ஏற்றப்பட்டிருக்கின்றன என்பது மட்டுமே. அதற்கு விதிகள் தெளிவாக இருக்கின்றன. 1978ஆம் ஆண்டு போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தகுதியானவை என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125-இ, 2016 முதல், மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டரும் ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டரும் தடுப்போடு கூடிய இடம் கேட்கிறது. வண்டி எண், நேரம், போகும் திசை, தெரிந்த அளவில் எண்ணிக்கை. இவற்றைக் குறித்து 112க்குச் சொல்லுங்கள். சுங்கச்சாவடியில் நிறுத்திப் பார்ப்பது போலீஸ் வேலை. பறிமுதலான மாடுகளின் பராமரிப்புக்கு 2017இல் தனி விதிகள் உண்டு. ஆனால் அவற்றை இறக்கிவைக்க மாவட்டத்தில் இடம் இருந்தால்தான் ஸ்டேஷன் தைரியமாக வண்டியை நிறுத்தும். சட்டத்தின் 35ஆவது பிரிவின் கீழ் அத்தகைய பராமரிப்பிடங்களை அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. நம் இரண்டாவது கோரிக்கை இது.

கோட்டைக்குப் போகும் மனு

1950இல் இங்கே ஒரு சட்டம் வந்தது: கோவில்களில் ஆடு, கோழி பலி தடைச் சட்டம். அரை நூற்றாண்டு அது பெயருக்கு இருந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவு வந்தபோது, குலசாமிக்குக் கிடா வெட்டும் கிராமங்கள் கொதித்தன. 2004இல் சட்டமே ரத்தானது. ஊரைக் கேட்காமல் மேலிருந்து இறக்கும் கருணைக்கு என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதனால்தான் கிராம சபையில் தொடங்கச் சொல்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள்கள். மாட்டுக்காரரும் கடிபட்டவரும் நாய்க்குச் சோறு வைப்பவரும் ஒரே கூட்டத்தில் பேசி எழுதிய தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகும் மனுவுக்குக் கனம் கூடும்.

அடுத்து ஆதாரம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திடம் கேட்க வேண்டியது: மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் யார், கடந்த மூன்று ஆண்டுகளில் கூடிய தேதிகள் எவை, வரவு செலவு என்ன. 2001ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி ஒரு சங்கம் இருக்க வேண்டும் என்கின்றன. குழுவில் தன்னார்வ விலங்கு நல அமைப்புகளின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். எஸ்.பி. அலுவலகத்திடம் கேட்க வேண்டியது: ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 11ஆவது பிரிவின் கீழ் பதிந்த வழக்குகள், விதிக்கப்பட்ட அபராதத் தொகை. நீதிமன்றத்தில் 50 ரூபாய் கட்டிவிட்டுப் போனவர்களின் பட்டியல் பதிலாக வந்தால், அதைவிட வலுவான வாதம் சட்டமன்றத்தில் தேவைப்படாது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மாதிரி இப்படி இருக்கலாம்:

“ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதிக்கு உட்பட்ட ……… ஊராட்சி, ……… தேதி கிராம சபைத் தீர்மானத்தின் நகலை இணைத்துள்ளோம். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11இல் உள்ள அபராதத்தை உயர்த்தும் மாநிலத் திருத்த மசோதாவை, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியிலேயே, அரசு கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறோம். எங்கள் பகுதியில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான வழக்குகளும் விதித்த அபராதங்களும் இணைப்பில் உள்ளன.”

திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பது பதிவுக்காக. ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 1100 வழியாக முதல்வரின் முகவரிக்கும் போகட்டும். ஆனால் சட்டத் திருத்தம் நகர வேண்டிய இடம் சட்டமன்றம். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எந்தக் கட்சியானாலும் அவரைப் பாருங்கள். கூட்டமாகப் போய்க் கோஷம் போடுவதைவிட, மாட்டுக்கார அம்மா ஒருவர், ஆலைத் தொழிலாளி ஒருவர், கால்நடை மருத்துவம் தெரிந்த ஒருவர் என மூன்று பேர் போய் உட்கார்ந்து பேசுவது நல்லது. பட்ஜெட்டுக்குப் பின் கால்நடை பராமரிப்புத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும். அதற்குச் சில வாரம் முன்பே அவர் கையில் ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அவையில் வைக்கப்பட்டதும் அதில் விலங்குகள் நல வாரியத்துக்கும் கருத்தடைக்கும் என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படியுங்கள்.

பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் செய்திக் குறிப்பு வெளியிடும். அந்தக் குழுவுக்கான மனுவில் ஒரே ஒரு பிரச்சினை, ஒரே ஒரு துறை மட்டும் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை எடுக்க மாட்டார்கள். நாய், மாடு, அபராதம், காப்பிடம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் நான்கும் தள்ளுபடியாகும். தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் வரை அதை இந்தக் குழுவிடம் கொண்டுபோக வேண்டாம். மாட்டுக் காப்பிடத்தைக் கொண்டு போங்கள். தமிழில், தேதியிட்டுக் கையெழுத்திட்டு, ஐந்து நகல்களோடு கொடுங்கள். குழு அதைத் துறைக்கு அனுப்பி அறிக்கை கேட்டால், துறை அதிகாரி தேதி போட்டுப் பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பதிலின் நகலை வாங்கி, அடுத்த கிராம சபையில் வாசித்து, திருப்தியில்லாத வரிகளை மட்டும் எடுத்து அடுத்த மனுவை எழுதுங்கள்.